காயு என்று கூப்பிட்டவர்கள்

அன்று காலை ஆரோக்கியநாதன் வாசலில் குந்தி ஓட்டக் காலணியின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, திரும்பி வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டார். மனைவி தெரேசா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள்.

"உளுந்து வடை. போன வாரம் மாதிரி ஆறிப்போனது வேணாம் லா. சூடா இருந்தா மட்டும் வாங்குங்க."

"சூடா இல்லன்னா கடைக்காரனுக்கு சிவப்பு அட்டை காட்டிட்டு வரேன்."

"உங்ககிட்ட அட்டை ஏது? கொடிதானே இருக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அதனால்தான் அந்த வடைப் பேச்சு அவளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

தண்ணீர்மலைச் சாலையில் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் அவர் விழுந்தார். காலை நடைக்கு வந்த ஒரு சீனத் தம்பதி பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சு. நாற்பத்தைந்து வயதுகூட நிறையவில்லை. அடுத்த மாதம் நடுவர்களுக்கு ஓட்டத் தேர்வு. ஆட்டங்களிலிருந்து அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணை முடிந்து திரும்பக் கூப்பிட்டால் உடம்பு தயாராக இருக்க வேண்டும் என்றுதான் விடிந்ததும் ஓடிக்கொண்டிருந்தார்.

வாரநாட்களில் துறைமுகத்தில் சரக்கு அலுவலக வேலை. வார இறுதிகளில் நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் லைன்ஸ்மேன். கோட்டோரமாக மேலும் கீழும் ஓடி, மஞ்சள் சிவப்புக் கட்டம் போட்ட கொடியைத் தூக்குகிறவர். நடுவில் விசிலோடு நிற்பவரைத்தான் நாலு பேருக்குத் தெரியும். கொடிக்காரனைத் தப்பு நடந்த பிறகுதான் தெரியும்.

அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழே ஷேக் அலாவுதீனின் தேநீர்க் கடை. அலாவுதீன் ஹார்பர் அணியின் வெறிபிடித்த ரசிகர். ஹார்பர் இந்த ஊர்த் துறைமுகத்து அணி. கடையின் சுவர், நாற்காலி, சர்க்கரை டப்பாவின் மூடி எல்லாம் அந்த அணியின் நீல நிறம். அரங்கில் மேளம் அடிப்பதும் அவர்தான். ஆரோக்கியநாதன் படியிறங்கி வந்தால் போதும், கடைக்குள்ளிருந்து குரல் வரும்.

"வந்துட்டாருடா நம்ம காயு! அண்ணே, கடைக்கு வழி தெரிஞ்சிச்சா, இல்ல கொடிய நீட்டிப் பாத்துட்டு வந்தீங்களா?"

"உன் டீயில பால் இருக்கான்னு பாக்கத்தான் எனக்குக் கண்ணு பத்தல."

மலாயில் காயு என்றால் கட்டை. இந்த நாட்டு அரங்குகளில் விசில் பிசகினால் எழும் முதல் கூச்சல் அது. கண் இருந்தும் பார்க்காத மரக்கட்டை என்று பொருள். அதில் கோபமும் உண்டு, கேலியும் உண்டு, நம்மவன் என்கிற ஒட்டுதலும் உண்டு. ஆரோக்கியநாதன் அந்தச் சொல்லைப் பட்டம் மாதிரி ஏந்திக்கொண்டார். இன்னொரு சொல் இருக்கிறது. கேலோங். அது விலைபோனவனுக்குச் சொல்வது. அதை யாராவது யாரைப் பார்த்தாவது கத்தினால் அவர் முகம் சுருங்கிவிடும். "கட்டைன்னா கண்ணு சரியில்ல. கேலோங்னா ஆளே சரியில்ல" என்பார்.

லீக்கின் கடைசி நாள் அன்று ஹார்பர் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு, தெற்கே நடந்த வேறொரு ஆட்டத்தின் முடிவுக்குக் காத்திருந்தது. அங்கே சொந்த மண்ணில் ஆடிய அணி ஜெயிக்காமல் போனால் ஹார்பர் தப்பும். ஜெயித்தால் ஹார்பர் கீழ்நிலை லீக்குக்கு இறங்கும். அந்த ஆட்டத்துக்கு லைன்ஸ்மேன் ஆரோக்கியநாதன். சொந்த ஊர் அணி ஆடாத ஆட்டம் என்பதால்தான் அவரை அங்கே போட்டிருந்தார்கள்.

கடைத் தொலைக்காட்சியின் முன்னால் அடுக்குமாடியே கூடியிருந்தது. தெரேசாவும் மகள் ஷெரிலோடு கீழே வந்திருந்தாள். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அந்தச் சொந்த மண் அணிக்கு ஒரு கார்னர். ஒரே தள்ளுமுள்ளு. வெளியே வந்த பந்தை ஒருவன் திரும்ப அடிக்க, கோல் வாய்க்கு அருகில் நின்ற இன்னொருவன் காலால் தட்டி உள்ளே விட்டான். எல்லாரும் கோட்டோரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் அடுக்குமாடிக்காரர் அங்கே நின்றார். கொடி கீழேயே இருந்தது. அதைக் கண்டு நடுவர் கோல் என்று மையத்தைக் காட்டினார். இரண்டுக்கு ஒன்று.

திரும்பத் திரும்பக் காட்டியதில் அது ஆஃப்சைடு என்று குழந்தைக்கும் தெரிந்தது. அந்த லீக்கில் அப்போது வீடியோ பார்த்துத் திருத்தும் முறை வரவில்லை. கடையில் யாரும் தெரேசாவைத் திட்டவில்லை. அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் அவர் ஊர் திரும்பி, பையைக்கூட வைக்காமல் கீழே டீ குடிக்கப் போனார். போன வேகத்தில் மேலே வந்தார்.

"என்ன, டீ குடிக்கலையா?"

"அலாவுதீன் என்னை 'சார்'னு கூப்பிட்டான்" என்றார்.

அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. 'வாங்க சார், உட்காருங்க சார், சீனி போதுமா சார்' என்று அந்த மனிதர் எவ்வளவு மரியாதையாகக் கழுத்தை அறுத்திருப்பார் என்று அவளால் கேட்காமலேயே கேட்க முடிந்தது.

அரங்கை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஆரோக்கியநாதன் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் பிரிவில் சொல்லிவிட்டார்: தப்பு என்னுடையது, எங்கே தப்பினேன் என்றும் தெரியும், வெளியில் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். விசாரணை முடியும்வரை ஆட்ட அதிகாரிகள் யாரிடமும் எந்த முடிவைப் பற்றியும் பேசக் கூடாது, அதுதான் சட்டம். அவர் சட்டத்தை மதிக்கிற ஆள். கடைக்குப் போய், "டேய், நான் பாக்கத் தவறிட்டேன்டா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் பேசாமல் இருக்க இருக்க, அந்தப் பேசாமையே ஊருக்குச் சாட்சியாகிவிட்டது. ஃபேஸ்புக்கில் அவர் படத்தின் கீழே கேலோங் என்று எழுதிக் குவித்தார்கள். அவளிடம் மட்டும் ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியையும் டம்ளர்களையும் நகர்த்தி நகர்த்தி, தான் தவறிய விதத்தைக் காட்டினார்.

விசாரணை நடக்கவிருந்த வாரத்தில்தான் அவர் விழுந்தார். அடக்கம் முடிந்ததும் சங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்து அனுதாபம் சொன்னார். சம்பந்தப்பட்டவர் காலமாகிவிட்டதால் விசாரணை கைவிடப்பட்டது என்றார். "அப்படின்னா அவர் நிரபராதின்னு அர்த்தமா?" என்று தெரேசா கேட்டாள். "அப்படியும் சொல்ல முடியாது மேடம். முடிவு எதுவும் இல்லை" என்றார் அவர். குரலில் கனிவு இருந்தது. கனிவோடு ஒரு மனிதரை அந்தரத்தில் தொங்கவிட முடியும் என்று அவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

துக்க வீட்டுக்கு அலாவுதீன் பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை. "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க மேடம்" என்றார். அதற்கு முன்னால் அவள் அவருக்கு அக்கா.

சில நாள் கழித்து ஒரு பின்மதியம், ஷெரில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அதைச் சட்டென்று மேசையில் கவிழ்த்தாள். தெரேசா எடுத்துப் பார்த்தாள். 'விசாரணைக்குப் பயந்து செத்துட்டான்' என்று எழுதியிருந்தது. கீழே சிரிக்கும் முகங்கள்.

தெரேசா சேலையைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள்.

"அம்மா, எங்க போற? அதெல்லாம் பேசக் கூடாதுன்னு அப்பா சொன்னாருல்ல?"

"அந்தச் சட்டம் உங்கப்பாவுக்கு. எனக்கு யாரும் சட்டம் போடல."

கடையில் கூட்டமில்லை. அலாவுதீன் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலை மேசையில் சின்னையா. கப்பல்துறையில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். ஹார்பர் கீழே இறங்கிய நாளிலிருந்து யாரோடும் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"உட்காருங்க மேடம்."

"மேடமும் வேணாம், டீயும் வேணாம். அந்த கோல் உங்க போன்ல இருக்கா தம்பி?"

அலாவுதீன் தயங்கினார். "இருக்கு. எதுக்கு இப்ப…"

"எடுங்க. அதுக்கு முன்னால நாலு டம்ளர் குடுங்க."

மேசையின் ஓரத்தை கோல் கோடாக வைத்துக்கொண்டாள். ஒரு டம்ளரைக் கோட்டுக்குச் சற்று முன்னால் வைத்தாள். "இது தடுக்கிற அணியோட கடைசி ஆளு." இன்னொன்றை மேசையின் நடுவில் வைத்தாள். "இது அவங்க கோல்கீப்பர். கார்னர் பந்தைக் குத்த வெளிய ஓடி வந்தவன், திரும்பிப் போகல." இரண்டுக்கும் இடையில் மூன்றாவதை வைத்தாள். "இவன்தான் கோல் போட்டவன். பந்து இவனுக்குப் பின்னால, அங்க தள்ளி வச்சிருக்கிற நாலாவது டம்ளர் கிட்டருந்து வருது. இவனுக்கும் கோட்டுக்கும் நடுவுல எதிராளிங்க ரெண்டு பேர் இருக்கணும். எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒருத்தன்தான். அதான் ஆஃப்சைடுங்கிறோம்" என்றார் சின்னையா மூலையிலிருந்து. "இதச் சொல்லவா வந்த?"

"ஆமா அண்ணே, ஆஃப்சைடுதான். ஆனா எப்பவும் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் கோல்கீப்பர். அவன் கோட்டு மேலதான் நிப்பான், அவனை எண்ணவே வேண்டாம். அதனால கொடி புடிக்கிறவங்க மத்த ஒரே ஆளைத்தான் பாத்துக்கிட்டு ஓடுவாங்க. இத்தனை வருஷம் அவர் அப்படித்தான் ஓடினாரு. அன்னிக்கு கீப்பர் வெளிய வந்துட்டான். பழக்கத்துல இவர் கடைசி ஆளையே பாத்துட்டாரு. இப்ப போனைப் பாருங்க. கோலைப் பாக்காதீங்க, அவரைப் பாருங்க."

அலாவுதீன் படத்தை ஓடவிட்டார். தொலைக்காட்சியில் எல்லாரும் நூறு தடவை பார்த்த காட்சி. கோட்டோரத்து மனிதரை மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை. கார்னரிலிருந்து பந்து வெளியேறியதும் ஆரோக்கியநாதன் கொடியைக் கீழே பிடித்தபடி பக்கவாட்டில் பாய்ந்து ஓடினார். கடைசித் தடுப்பாளனுக்கு நேராக, நூல் பிடித்தாற்போல் போய் நின்றார். நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார். அப்படி உற்றுப் பார்த்தார்.

"விலை பேசினவருக்கு இவ்வளவு ஓடணுமா தம்பி? நின்ன எடத்துல நின்னு, தெரியலன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். சரியா ஓடிப் போயி, தப்பான ஆளுக்கு நேரா நிக்கிறாரு."

அலாவுதீன் மறுபடி ஓடவிட்டார். மறுபடியும். சின்னையா எழுந்து வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அலாவுதீன் திரும்பவில்லை.

"யா அல்லாஹ்" என்றார் கடைசியில். விரலால் திரையில் இருந்த சின்ன உருவத்தைத் தொட்டார். "கீப்பரைப் பாக்க மறந்துட்டியா? இது ஒரு தப்பா? ஸ்கூல் புள்ள பண்ற தப்புய்யா! காயு… சரியான காயு நீ. ஒலகத்துலயே இல்லாத காயு…"

குரல் உடைந்தது. தெரேசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தச் சொல் காதில் விழுந்து எத்தனை நாளாயிற்று!

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றார் அலாவுதீன்.

"சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

"என்னா சட்டம் அது? ஒரு மனுஷன் தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றதுக்குத் தடையா?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா நாங்களும் என்ன பண்றது, சொல்லுங்க. இதுக்கு முன்னால எத்தனை பேரு ஆட்டத்தை வித்தானுங்க. அவங்களை எல்லாம் பாத்துப் பாத்து, இப்ப எவன் தடுக்கி விழுந்தாலும் வித்துட்டான்னுதான் தோணுது. நல்லவனைக் கண்டுபுடிக்க எங்ககிட்ட கண்ணு இல்லக்கா. நாங்களும் காயுதான்."

சின்னையா தொண்டையைச் செருமினார். "அப்படின்னா நம்ம ஹார்பருக்கு எதாச்சும் திரும்பக் கெடைக்குமா தெரேசா?"

"கெடைக்காது அண்ணே."

"ம்." அவர் தம் மேசைக்குப் போய், ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி, உட்காரு. நின்னுக்கிட்டே இருக்க."

அவள் உட்காரவில்லை, மேலே மகள் தனியாக இருக்கிறாள் என்றாள். அலாவுதீன் வழிந்த பாலைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், முன்பெல்லாம் அடுக்குமாடி முழுக்கக் கேட்கிற அதே குரலில்.

"காயு அண்ணன் வீட்டுக்கு ரெண்டு தே தாரிக் கட்டு! சீனி கம்மி!"

இரண்டு டீப் பொட்டலங்களையும் கயிற்றில் தொங்கவிட்டபடி அவள் படியேறினாள். அன்றைக்கு ஃபேஸ்புக்கில் எழுதினவர்கள் அதை அழிக்கவில்லை. அழிப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவுமில்லை. அலாவுதீன் எல்லாருக்கும் டம்ளர் வைத்து விளக்குகிறார் என்று ஷெரில் பிறகு சொன்னாள். சிலர் ஒப்புக்கொள்கிறார்களாம், சிலர் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்களாம்.

ஹார்பர் இன்னும் கீழ்நிலை லீக்கில்தான் ஆடுகிறது. தெற்கே நடந்த அந்த ஆட்டம் இன்றைக்கும் இரண்டுக்கு ஒன்று.