நாலரைப் பரப்பு

மீன் தொட்டியின் மோட்டர் காலை ஆறே முக்காலுக்கு நின்றது. மீனாம்பிகை அப்போது தொட்டிக் கட்டில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சரித்து வைத்த மண்குடத்தின் வாயிலிருந்து விழுந்த தண்ணீர் முதலில் நூலாக மெலிந்தது, பிறகு சொட்டியது, பிறகு இல்லை. கறன்ற் போய்விட்டதோ என்று குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். விளக்கு எரிந்தது. மோட்டரைத் தூக்கித் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே சுற்ற வேண்டிய சில்லில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகப் பாறை பிடித்திருந்தது. அச்சு இரண்டாக உடைந்து கையோடு வந்தது.

நீர்வேலி ஊர்த் தண்ணீர் அப்படித்தான். குசினிக் கேத்திலையே மாதம் ஒரு தடவை சுரண்ட வேண்டும்.

அது ஒரு காலத்தில் கிணற்றடித் தொட்டி. வாழைக்கு நேரே குழாய் போட்ட பிறகு அதற்கு வேலை இல்லாமல் போய், அவளுடைய கணவர் பஞ்சலிங்கம் வாழைக்குப் போட்டு முடிந்த பசளைப் பைகளை எறியும் இடமாகியிருந்தது. முப்பத்தொரு வருடம் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாக வேலை செய்து இளைப்பாறிய கிழமையே மீனாம்பிகை அதைத் தேய்த்துக் கழுவி, நீல அல்லிக் கிழங்கு நட்டு, பன்னிரண்டு மீன்கள் விட்டாள். செம்மஞ்சளில் எட்டு, வெள்ளையில் நாலு. நாலு வருடமாயிற்று. விரல் நீளத்தில் வந்தவை இப்போது உள்ளங்கை கொள்ளாது. அந்த வளவில் வாழை எங்கே நிற்பது, வேலி எங்கே போவது, மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் பார்ப்பது என்பதெல்லாம் அவளைக் கேளாமல் முடிவானவை. தொட்டி ஒன்றுதான் அவள் சொல்லி நடந்தது.

வைகாசி வெயில். தண்ணீர் சுற்றாமல் நின்றால் பத்து மணிக்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கும். பின்னேரம் வரை தாங்காது.

எதையும் எழுதி வைத்துச் செய்வது அவளுடைய வழக்கம். கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து எழுதினாள். தொட்டி ஐந்தடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம். தண்ணீர் ஆயிரத்து நானூறு லீற்றர். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை முழுவதும் சுற்ற வேண்டும். குடத்தின் வாய் தண்ணீரிலிருந்து மூன்றரை அடி உயரம்; அந்த உயரத்தில் பத்து லீற்றர் வாளி இருபத்தாறு செக்கனுக்குள் நிறைய வேண்டும். இரவும் பகலும் ஓடும், ஆகவே கறன்ற் குறைவாகக் குடிக்க வேண்டும். சுண்ணாம்பைச் சுரண்டக் கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்: மீன் தொட்டிக்கு.

பஞ்சலிங்கம் மோட்டார்சைக்கிளில் இரண்டு வாழைக்குலை கட்டிக்கொண்டு நின்றார்.

“இஞ்சாருங்கோ, ரவுண் சந்தைக்குத்தானே போறியள். தொட்டி மோட்டர் உடைஞ்சு போச்சு. நான் இதுகளுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்க வேணும், இல்லாட்டி நானே வருவன்.”

“உமக்கேன் உந்த வெயிலுக்கை அலைச்சல்? நான் எடுத்து வாறன்.”

“உங்கடை இறைப்பு மெசின் இல்லை இது. இந்தத் தாளைக் கடைக்காரரிட்டைக் குடுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்.”

“நாப்பது வருசமா மெசினோடை மாரடிக்கிறன். எனக்குப் பம் எடுக்கத் தாள் எழுதித் தாறா.” தாளைப் பாராமலே சட்டைப் பையில் வைத்தார். “மீனாம்பிகை எண்டு பேர் வைச்ச மனிசனைச் சொல்ல வேணும்.”

அந்தப் பகிடி அவளுக்குப் பழகிப்போனது. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அவர் போனபின் வாளியில் அள்ளி, நெஞ்சுயரத்தில் பிடித்து, மெல்ல ஊற்றத் தொடங்கினாள். விழும் தண்ணீரோடுதான் காற்றுப் போகும். ஒன்பதரைக்கு முதல் மீன் மேலே வந்தது. பத்தரைக்குப் பன்னிரண்டும் வந்துவிட்டன. பச்சைப் பிள்ளைகளின் மூச்சை எண்ணிய அதே கைக்கடிகாரத்தைப் பார்த்துச் செவுள் அடிப்பதை எண்ணினாள். எண்ணிக்கை அவளுக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்றரைக்கு மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் கட்டியிருந்த பெட்டியைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெட்டி.

“ஒரு கோஸ்பவர். ரெண்டு இஞ்சி வாய்,” என்று குதிரைவலுவையும் குழாய் அளவையும் சொன்னார் பஞ்சலிங்கம். “இனி உம்மடை பிள்ளையளுக்கு ஒரு குறையும் இல்லை.”

“தாளைக் காட்டினனீங்களோ?”

“காட்டாமல்? பெரிசு எண்டால் சின்னன் செய்யிற வேலையையும் செய்யும். சின்னன் பெரிசின்ரை வேலையைச் செய்யுமே?”

“இதைத் தொட்டிக்குள்ளை போடாதையுங்கோ. சோத்தை இறக்கிப்போட்டு வாறன், நானே கொண்டுபோய் மாத்திறன்.”

சோற்றை வடித்து முடிக்க எவ்வளவு நேரம் போகும்? ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்கு அவர் பொறுக்கவில்லை. வடிதட்டை மூடும்போதே கிணற்றடியிலிருந்து மெசின் உறுமும் சத்தம் கேட்டது. சுடுகஞ்சியை நடுவில் விட்டு எழும்ப முடியாது; அவள் வடித்து முடிக்கும்போது மண்குடம் உடையும் சத்தம்.

ஓடினாள். இரண்டு அங்குலக் குழாய் மதிலில் கட்டியிருந்தது. அதன் வாயிலிருந்து பாய்ந்த தண்ணீர் குடத்தை உடைத்து, மதிலைத் தாண்டி, வாழைப் பாத்திக்குள் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் இடுப்பில் கை வைத்து அழகு பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாரும் அடிக்கிற அடியை. போற தண்ணியும் வாழைக்குத்தானே போகுது, விடும்.”

அவள் சுவிச்சைத் தட்டி நிறுத்தினாள். தொட்டியில் அரையடிக் கலங்கல்தான் மிச்சம். அல்லி இலைகள் சேற்றில் படுத்துக் கிடந்தன. மீன்கள் விலாவைக் காட்டித் துடித்தன. உறிஞ்சும் குழாயின் வலையை நிமிர்த்தினாள். நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளை மீன் அதில் ஒட்டிப்போயிருந்தது. பிரித்து எடுத்தபோது ஒரு பக்கச் செட்டை வலையோடு நின்றுவிட்டது.

பஞ்சலிங்கம் குனிந்து பார்த்தார். “ஒண்டுதானே. வாழையடியிலை குழி தோண்டித் தாட்டால் நல்ல பசளை.”

மீனாம்பிகைக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, தணியும். பிள்ளைப்பேற்று அறையில் கத்தி ஒன்றும் நடவாது என்று பழகிய குரல். மீனை ஒரு வாழையிலைத் துண்டில் கிடத்தினாள். வாளியை எடுத்து அவருடைய கையில் கொடுத்தாள்.

“உங்களுக்கு இறைக்கத்தானே தெரியும். இறையுங்கோ.”

“மெசினாலையோ?”

“கையாலை. கிணத்திலை அள்ளி, நெஞ்சுக்கு நேரை பிடிச்சு, மெல்ல ஊத்துங்கோ. தொட்டி நிறைஞ்சாலும் நிப்பாட்டப்படாது. தொட்டியிலை அள்ளித் தொட்டியிலை ஊத்துங்கோ. நான் வந்து பதினொண்டு மீன் எண்ணுவன். பத்தெண்டால் நான் இந்த வளவிலை இருக்கமாட்டன்.”

“சோறு?”

அவள் தெருவில் இறங்கினாள். ஓட்டோ ஒன்றை மறித்து மெசினைப் பெட்டியோடு ஏற்றினாள். வழி முழுக்க, கோப்பாய் தாண்டிக் கல்வியங்காடு தாண்டி, அவளுக்குள் ஒரே கேள்விதான் கொதித்தது. தாளைப் பார்த்த எந்தக் கடைக்காரன் இதைக் கொடுப்பான்?

கடைக்காரர் நீக்கிலாப்பிள்ளை எழுபதைத் தாண்டிய மனிதர். மெசினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறானா என்றும் பார்த்தார்.

“என்ன பிள்ளை, ஓடேல்லையோ? அவரை வரச் சொல்லும், கதைச்சுப் பாப்பம்.”

“நல்லா ஓடுது. ஆறு நிமிசத்திலை என்ரை மீன் தொட்டியை வத்த வைச்சிட்டுது. தாளைப் பாத்தும் ஏன் இதைக் குடுத்தனீங்கள்?”

“என்ன தாள்?”

“அவர் தந்த தாள்.”

“தாளும் இல்லை ஒண்டும் இல்லை. பம் எண்டவர். எத்தினை பரப்புக் காணி எண்டு கேட்டனான். நாலரை எண்டவர். நாலரைப் பரப்புக்கு இதுதான் சரி. நான் பிழையாக் குடுக்கேல்லை.”

“மீன் தொட்டிக்கு எண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை. அந்த நேரம் உங்கடை பக்கத்து வாழைக்காரர் நாலைஞ்சு பேர் நிண்டவை.” அவர் மேசையைத் துடைத்தார். “அவைக்கு முன்னாலை ஆர் பிள்ளை மீனுக்குப் பம் கேப்பினம்?”

மீனாம்பிகைக்குக் காது சுட்டது. மறதி என்றால் பொறுத்திருப்பாள். அறியாமை என்றாலும் பொறுத்திருப்பாள். ஆனால் அவருக்கு வெட்கம். நாலு வாழைக்காரருக்கு முன்னால் மனைவியின் தொட்டியை வாயால் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் வாழை நிற்கும் நாலரைப் பரப்பையும் சொல்லி, வந்து ‘காட்டாமல்?’ என்றும் கேட்டு, ஒரு மீனையும் கொன்றிருக்கிறார்.

“தொட்டிக்குப் போடுற சின்ன மோட்டரை எடுங்கோ. வைச்சிருக்கிற எல்லாம்,” என்றாள்.

அவர் மூன்று பெட்டிகளை வைத்தார். மிகச் சிறியதைத் தட்டி, “தொட்டிக்கு இது காணும். மணித்தியாலத்துக்கு ஆயிரத்தைஞ்ஞூறு லீற்றர். பெட்டியிலை போட்டிருக்கு,” என்றார்.

“எத்தினை அடி உயரத்திலை?”

“அதெல்லாம் ஏறும்.”

“ஏறாது. தண்ணி மட்டத்திலை ஓடேக்கைதான் அந்தக் கணக்கு. ஏற ஏறக் குறையும். ஒரு வாளியும் பெரிய பேசினும் தாங்கோ. மூண்டரை அடியிலை குழாயைக் கட்டுங்கோ. நான் நேரம் பாக்கிறன்.”

“கடையிலை வைச்சோ?”

“மற்ற மெசினை நீங்கள் ஓட்டிக் காட்டியிருந்தால் நான் இஞ்சை வந்திருக்கமாட்டன்.”

முணுமுணுத்துக்கொண்டு கட்டினார். சிறியது வாளியை நிறைக்க ஒன்றரை நிமிடம் எடுத்தது. அவள் தலையசைத்தாள். இரண்டாவது முப்பத்தைந்து செக்கன். மூன்றாவது இருபத்திரண்டு. அதன் முகத்தைத் திருப்பினாள்; திருகாணி இல்லாமல் கையோடு கழன்றது. உள்ளே சில்லு வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்பப் பூட்டினாள். கறன்ற் எவ்வளவு என்று பெட்டியில் பார்த்தாள். ஒரு குண்டு விளக்கு அளவுதான்.

கைக்கடிகாரத்தை அவள் பார்த்த விதத்தை நீக்கிலாப்பிள்ளை கவனித்துக்கொண்டு நின்றார். “நீங்கள் முந்திக் கொழும்புத்துறைப் பக்கம் வேலை செய்த மிசியெல்லோ? எங்கடை மகள் றோஸின்ரை மூத்தவன் பிறக்கேக்கை நீங்கள்தானே பிடிச்சு எடுத்தனீங்கள்? ஐயோ, இருங்கோ மிசி. முதலே சொல்லியிருக்கலாமே.” கதிரையை இழுத்துப் போட்டார். ‘பிள்ளை’ போய், மருத்துவமாதுகளைக் கூப்பிடும் ‘மிசி’ வந்தது.

அது அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் கிளப்பியது.

“மிசி எண்டபடியாத் தொட்டியிலை தண்ணி கூடச் சுத்தப் போறேல்லை. இதைக் கட்டுங்கோ.”

“ஓம். ஆனால் மற்றது நனைஞ்ச மெசின், நான் திருப்பி எடுக்கேலாது மிசி. வாழைக்கு வைச்சிருங்கோ.”

“எடுக்க வேண்டாம். அதுக்கு வீட்டிலை இடம் பாத்து வைச்சிட்டன்.”

நாலு மணிக்கு ஓட்டோ திரும்பியது. பஞ்சலிங்கம் தொட்டியடியில் நின்று ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவளைக் கண்டதும் வாளியை வைக்கப் போனவர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு வாளி அள்ளினார். மீனாம்பிகை எண்ணினாள். பதினொன்று. இரண்டு தரம் எண்ணினாள்.

புதிய மோட்டரை அவளே இறக்கினாள். உடைந்த குடத்துக்குப் பதிலாகக் குசினிப் பானை ஒன்றைச் சரித்து வைத்தாள். பானையின் வாயிலிருந்து தண்ணீர் நாலு விரல் அகலத்தில் விழத் தொடங்கியது.

“எடுத்தாச்சுத்தானே. இனியென்ன, முகத்தை உப்பிடி வைச்சுக்கொண்டு?” என்றார் பஞ்சலிங்கம்.

“தாளைத் தாங்கோ.”

அவர் சட்டைப் பையைத் தடவினார். நனைந்து ஊறிய தாள் வந்தது. மடிப்புக் குலையவில்லை. காலையில் அவள் மடித்த நாலு மடிப்பும் அப்படியே இருந்தது.

அவள் தாளைத் தொட்டிக் கட்டில் வைத்தாள். பெரிய மெசினைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் படலையடியில், ஒழுங்கையால் போகும் எவருக்கும் தெரியும் இடத்தில், ஒரு கல்லின்மேல் வைத்தாள்.

அரை மணித்தியாலம் போகவில்லை. பக்கத்து வளவு றமேஸ் சைக்கிளில் வந்து காலூன்றினான். அவனும் வாழைக்காரன்தான்.

“புது மெசினோ அண்ணை? நல்ல சாமான். எத்தினை பரப்புக்கு?”

பஞ்சலிங்கம் தொட்டிப் பக்கம் திரும்பினார். மீனாம்பிகை முதுகைக் காட்டிக்கொண்டு அல்லி இலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும் கை நின்றுவிட்டது.

“அது... பரப்புக்கில்லை,” என்றார். “மீன் தொட்டிக்கு நாங்கள் எடுத்தனாங்கள்.”

“மீனுக்கோ?” றமேஸ் சிரித்தான். “ஒரு கோஸ்பவரோ? என்ன அண்ணை, திமிங்கிலமோ வளக்கிறியள்?”

“நாங்கள் எடுத்தனாங்கள் இல்லை,” என்றாள் மீனாம்பிகை, திரும்பாமலே. குரல் மிகத் தணிந்திருந்தது. “வடிவாச் சொல்லுங்கோ. இதிலை ஓடுறது நான் எடுத்தது. அங்கை கல்லிலை இருக்கிறது ஆர் எடுத்தது?”

றமேஸின் சிரிப்பு நின்றது. அவன் அண்ணையைப் பார்த்தான், அக்காவின் முதுகைப் பார்த்தான், சைக்கிள் மணியைச் சும்மா தடவினான். பானையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் படலை வரை கேட்டது.

பஞ்சலிங்கம் செருமினார்.

“எடுத்தனான்,” என்றார். “நான்தான் எடுத்தனான்.”

மீனாம்பிகை இலையைத் தண்ணீரில் விட்டாள். வாழையிலைத் துண்டில் கிடந்த மீனை எடுத்துக்கொண்டு, வாழைப் பக்கம் போகாமல், தொட்டிக் கட்டோரம் தன் கையாலேயே குழி தோண்டத் தொடங்கினாள்.