மறுபக்கத்துக்கும் ஒரு நாள்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. என் மனைவி சின்னப் படகொன்றில் தன்னந்தனியாகத் தீவுகளைச் சுற்றப் போயிருந்தாள். சொன்ன நாளில் திரும்பவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு முட்டையாவது பொரிக்கலாம் என்றால் தட்டைக் கரண்டியைக் காணோம். எழுத்தாளன் வேறு என்ன செய்வான்? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இன்னும் முடியாத விஷயத்தைக் கதையாக்க ஆரம்பித்தேன். வெட்கங்கெட்ட பிழைப்புதான்.

முதல் தொடக்கம்: “வானம் கறுத்தது. மலைபோல் எழுந்த அலைகள் அந்தச் சின்னஞ்சிறு படகை—”

(வேண்டாம். வெளியே வெயில் கொளுத்துகிறது, கொடியில் துணி மொறமொறவென்று காய்ந்து கிடக்கிறது. இந்த லட்சணத்தில் புயலுக்கு எங்கே போக?)

இரண்டாம் தொடக்கம்: “அவள் ஒரு பல் டாக்டர்.” இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

2

ஐம்பதைத் தாண்டிய பல் டாக்டர். கிளினிக் கூரையில் தீவுகளின் வரைபடத்தை ஒட்டியிருப்பாள். நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்து கிடப்பவர்கள் வேறு எதையும் பார்க்க முடியாது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் தீவுகள் வலியோடு சேர்ந்துதான் மனப்பாடம்.

திடீரென்று ஒரு நாள் ஒற்றைப் பாய் கட்டிய பழைய படகொன்றை வாங்கி வந்து நின்றாள். நான் தாம்தூம் என்று குதித்தேன்.

“தீவு எல்லாத்தையும் தனியா ஒரு சுத்து சுத்திட்டு வா, பாக்கலாம். கரைக்கு வந்து கட்டுற வரைக்கும் இன்னொருத்தர் கையோ கயிறோ படகுல படக்கூடாது. பட்டா வித்துடணும்.”

“சரி, விக்கிறேன். படலைன்னா?”

“படலைன்னா படகு உன்னோடது. அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீங்களா!” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாமான்களைக் கட்டினாள். அந்தப் படகின்மேல் அவள் எவ்வளவு உயிராக இருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வீம்பு விடவில்லை.

3

அவள் வர வேண்டிய நாளின் சாயங்காலம், துறையில் மீன்படகுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார்.

“உங்க வீட்டம்மா படகு மணல்திட்டுல சாஞ்சு கெடக்குதுங்க. கயிறு போட்டு இழுக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம், நீங்க உங்க வேலையப் பாருங்கன்னுட்டாங்க.”

மறுநாள் மத்தியானம் அவரே மறுபடியும் வந்தார்.

“இன்னும் அங்கேயேதாங்க இருக்காங்க. ஆனா படகு இன்னிக்கு வேற பக்கமா சாஞ்சு கெடக்கு.”

வேற பக்கமா! வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்: “ராட்சத அலையொன்று படகைப் புரட்டிப்போட, தோளில் காயத்தோடு அவள்—”*

முடிக்க முடியவில்லை. “கயிறை வாங்கிக்கோடி, பந்தயமாவது மண்ணாவது” என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு அவள் வேண்டும். அவ்வளவுதான்.

(* காயம் எதுவும் இல்லை. ஒரு நகம் உடைந்தது. அதற்கும் நான்தான் காரணமாம்.)

4

உண்மையில் நடந்தது இது. பிற்பாடு இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு அவளே சொன்னாள்.

“நான் தூங்கிட்டேன். அத எழுதுங்க. புயலைத் தூக்கிக் கடாசுங்க.”

இரண்டு தீவுகளுக்கு நடுவே நங்கூரம் போட்டு, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள். கடல் வற்றுகிற நேரம் அது. விழித்தபோது படகு மணலில் உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இறங்கிப் பார்த்தால், படகின் அடிவயிறெல்லாம் பாசியும் ஒட்டுச்சிப்பியும். வழியெல்லாம் படகு ஏன் நத்தையாய் ஊர்ந்தது என்பது அப்போதுதான் விளங்கியிருக்கிறது. எங்கள் வீட்டுத் தட்டைக் கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள்.

“தினம் தினம் பல்லுல காரை சுரண்டுறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?”

அந்த நேரத்தில்தான் மீன்படகுக்காரர் கயிற்றோடு வந்திருக்கிறார். அவர் போன பிறகு கடல் ஏறியது, படகு தானாக மிதந்தது.

“அப்பவே கிளம்பி வந்திருக்கலாமே!” என்றேன்.

“ஒரு பக்கம்தானே முடிஞ்சிருந்துச்சு? நீங்க ஒரு கன்னத்துக்கு மட்டும் ஷேவ் பண்ணிட்டு வெளியே போவீங்களா?”

ஆகவே மறுநாள் வேண்டுமென்றே அதே மணலில் படகை ஏற்றி, இந்தத் தடவை மறுபக்கம் சாயும்படி பாரத்தை மாற்றி வைத்து, மிச்சத்தையும் சுரண்டியிருக்கிறாள். நான் இங்கே அவளைக் காயப்படுத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

5

அன்று பொழுது சாய்வதற்குள் வந்தாள். ஊர்ந்து போன படகு பறந்து வந்தது. பாய் விம்மி நின்றது, அவள் சுக்கானைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முகம் கறுத்து, பல் மட்டும் பளிச்சென்று. துறையே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

வருகிற படகின் கயிற்றைக் கரையில் நிற்பவர் வாங்கிக் கட்டுவதுதான் துறையில் வழக்கம். நான் ஓடிப்போய்க் குனிந்து கையை நீட்டினேன்.

“கையை எடுங்க!”

என்ன சத்தம்! மீன்படகுக்காரர்கூட ஓரடி பின்னால் போனார். நானே மறந்திருந்தேன்: என் கையும் இன்னொருத்தர் கைதான். அவள் கயிற்றோடு கரைக்குத் தாவி ஏறினாள். தூணில் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“இப்பத் தொடுங்க. இப்ப அது என் படகு.”

தண்ணீருக்குள் கையை விட்டு அடிப்பக்கத்தைத் தொட்டேன். அடேயப்பா, என்ன வழுவழுப்பு!

6

முடிவு ஒன்று: அவள் என் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள்.

(“படகுதான் சாஞ்சுது. நான் எங்கே சாஞ்சேன்? அழுதது யாருன்னு ஒழுங்கா எழுதுங்க.”)

முடிவு இரண்டு: உப்புக்காற்றில் கண் எரிந்தது. யாருடைய கண் என்பது கதைக்கு அவசியமில்—

சரி, மூன்றாவதை உங்களிடமே விடுகிறேன். துறையில் அன்று ஒருவர் சிரித்தார், ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். யார் எது என்று நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். படகு அவளுடையதாகிவிட்டது; நான் வாயே திறக்கக்கூடாது.