மூன்று பேரைச் சேர்த்து ஒரு தகப்பன்

1

இந்தக் கதை ஒரு படக்கொட்டகையில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் ஐந்து நிமிடத்துக்கு முன்பு, ஒரு கடித உறையைப் பிரிக்கப் பயந்தபோது பிறந்தது.

நான் மக்கீன், ஊர் மடவளை. கண்டியில் அரசாங்கக் கந்தோர்களுக்கு முன்னால் மேசை போட்டு மனு எழுதுகிறவன். கதையும் எழுதுவேன், அதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை.

எதிரே மர வாங்கில் அழகமுத்து உட்கார்ந்திருக்கிறார். வத்தேகமத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இங்கே மூட்டை சுமக்கிறார். வாசிக்கத் தெரியாது. உறை அவருடையது, அரசாங்கத்திலிருந்து வந்தது. நான் ஏதோ முக்கியமாக எழுதுவதாக நினைத்துப் பொறுமையாக இருக்கிறார்.

2

தொடக்கம்: ‘மின்னல் வெட்டியது. பிணம் மெல்லக் கண் திற

(வேண்டாம். அது நானும் அழகமுத்துவும் பார்த்த இங்கிலீசுப் படம். ஒரு டாக்டர் செத்தவர்களின் உறுப்புகளைத் தைத்து ஓர் ஆளைச் செய்வார். அது எழுந்ததும் பயந்து ஓடிவிடுவார்.)

இன்னொரு தொடக்கம்: சுதந்திரம் வந்த வருடமே ஒரு சட்டமும் வந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்ட வேண்டும். அழகமுத்துவுக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது. தாய் சொல்லாமலே போய்விட்டாள்.

3

ஆகவே அவருடைய மனுவுக்காக நான் ஒரு தகப்பனைச் செய்தேன். செல்லப்பா என்ற பெயர், செத்துப்போன வெற்றிலை வியாபாரி ஒருவருடையது. பிறந்த இடம் புசல்லாவை, அது ஒரு கங்காணியுடையது. பிறந்த தேதி என் வாப்பாவுடையது.*

என் கதையில் எந்த ஆளும் இப்படி உயிரோடு வந்ததில்லை என்று மனைவி மஸீனாவிடம் பெருமையடித்தேன்.

“உங்கட கதைய வாசிச்சு ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது. இது அப்படியா?” என்றாள்.

கதைக்காரன் கை சும்மா இருக்குமா? யாரும் கேட்காத ஒன்றையும் மனுவோடு வைக்கும் சத்தியக் கடதாசியில் சேர்த்தேன்: செத்த நாள். வாசித்துக் காட்டியபோது அழகமுத்து அதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். அன்று முதல் வருடாவருடம் அந்த நாளில் இலை போட்டுப் படைக்கிறார். வடை எனக்கும் வரும். வெட்கமில்லாமல் தின்கிறேன்.

* வாப்பா மன்னிப்பாராக. அவருக்கும் என் கதைகள் பிடிக்காது.

4

கந்தோரில் மனு விசாரணை முடிந்த சந்தோஷத்தில் அவர்தான் என்னைப் படத்துக்குக் கூட்டிப்போனார். தகப்பன் எப்படி இருப்பார் என்று விசாரணையில் கேட்டார்களாம். அதை நான் எழுத மறந்திருந்தேன். தன்னை மாதிரித்தான், கொஞ்சம் உயரம் என்று இவரே சொல்லிவிட்டாராம்.

படம் விட்டு வெளியே வரும்போது சொன்னார் (அண்ணன் முறையில் என்னை நானா என்பார்):

“அந்த டாக்டரு அதுக்கு ஒரு பேராவது வச்சிருக்கலாம் நானா. நீங்க எங்கப்பாவுக்குப் பேரு வச்சீங்க, செத்த நாளும் குடுத்தீங்க. இப்ப நானும் தகப்பன் உள்ளவன்.”

அந்த டாக்டர் ஏன் ஓடினார் என்று அப்போதுதான் விளங்கியது.

5

முடிவு அ: மனு ஏற்கப்பட்டது. (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

முடிவு ஆ: அப்படி ஒரு செல்லப்பா இருந்ததேயில்லை என்று எழுதியிருக்கிறது. அதை வாசித்தால், நான் செய்த மனிதர் என் வாயாலேயே சாவார்.

முடிவு இ: என்ன எழுதியிருந்தாலும் நல்லதாகவே வாசித்துவிடுவது. பொய் எனக்குக் கைவந்த

“பதில் எழுதுறீங்களா நானா?” என்கிறார் அழகமுத்து. “இன்னும் பிரிக்கவே இல்லையே.”

பிரித்துவிட்டேன். ஆனால் பார்க்கவில்லை. இந்தாருங்கள், நீங்கள் வாசியுங்கள். அவருக்குக் கேட்கும்படி வாசியுங்கள். வாசிக்குமுன் வாங்கில் அவர் பக்கத்தில் இருக்கும் வாழையிலைக் கட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் செல்லப்பாவின் திதி.