மூணாவது படிக்கிற பிள்ளை

சர்புன்னிசாவுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள். கைக்குழந்தை வேறு தோளை விட்டு இறங்க மாட்டேன் என்றது. கணவரின் அண்ணன், மச்சாண்டார் வீட்டுக் கல்யாண விருந்துக்கு வந்தவள், சாப்பிட்ட கையோடு கொல்லைப்பக்கப் படியில் உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதாக இல்லை.

பஸ்ஸில் வந்த அலுப்பு படுத்தால் போய்விடும். மூத்தவள் ரசியாவால் வந்த அலுப்புதான் போவதாயில்லை. எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டியவள். கணக்கில் புலி என்று இரண்டு தடவை டபுள் புரமோஷன் கொடுத்து ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டார்கள். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. விடிந்தால் வயிற்றுவலி. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வலிக்கு ஓமத்தண்ணீர் கொடுத்துக் கொடுத்தே சர்புன்னிசா ஓய்ந்துபோனாள்.

ஒருநாள் பள்ளிக்கூட வேலியோரம் நின்று பார்த்தபோதுதான் வலி எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. பெண்கள் நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நொண்டியடித்துத் துரத்துவாள், தொட்டால் அவுட். ரசியாவைத் தொட்டால் மட்டும் சேர்த்தியில்லை. வகுப்பில் அவள்தான் சின்னவளாம், அதனால் ஒப்புக்குச் சப்பாணி. அவள் பாட்டுக்கு ஓடினாள், யாரும் துரத்தவில்லை. தன் வயதுப் பிள்ளைகளிடம் போனாலோ, "நீ அஞ்சாவது, ஒங்க கிளாஸோட போயி ஆடு" என்று விரட்டின. வகுப்பில் முதல் ஆள், ஆட்டத்தில் ஆளே இல்லை. சர்புன்னிசா அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குள் போய் முறையிட்டாள்.

நல்லவேளை, ஹெட்மிஸ்ட்ரஸ் ஈரமுள்ளவர். "அவுங்க அத்தா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். மூணாவதுல அவ வயசு ஜோடுங்களோட உக்கார வச்சிடுறேன். கணக்கு மட்டும் அஞ்சாவதோட போடட்டும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் கணவர் ஹபிபுல்லா வாயிலிருந்து வரவில்லை. ஜவுளிக்கடைக்காரர் அல்லவா, நாலு பேரைக் கண்டால் புதுப் புடவை மாதிரி மகளைப் பிரித்துப் போட்டுவிடுவார். பழைய அணாவைச் சொன்னால் நயா பைசாவாகச் சொல்வாள், கேட்டுப் பாருங்கள் என்பார். "ஏத்துனத எறக்குறதா? ஊரு சிரிக்கும்" என்று சர்புன்னிசாவின் வாயை அடைத்துவிட்டார். இன்றைக்கும் சும்மா வரவில்லை. முன்கூடத்தில் ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் மகளைக் காட்டி, ஜூன் மாதம் நேரே ஏழாவதில் சேர்த்து, இந்தப் பெரியத்தா வீட்டிலேயே தங்க வைப்பதாகத் திட்டம்.

கொல்லையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நொண்டி ஆடக் கட்சி பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி, இடுப்பில் கைவைத்து ரசியாவைப் பார்த்தாள்.

"நீ எத்தினாவது?"

"மூணாவது" என்றாள் ரசியா.

சர்புன்னிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டி வளர்த்த பிள்ளை. எழப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புஷ்பவள்ளி ரசியாவைத் தன் கட்சிக்கு இழுத்துக்கொண்டாள். ரசியா ஓட, ஒருத்தி மூச்சிரைக்கத் துரத்தினாள்.

"ரசியா" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஹபிபுல்லா வந்தார். சர்புன்னிசா இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வழியை மறித்து நின்றாள்.

"அவ வெளையாடுறா மச்சான்."

"ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போவட்டும். அவுரு காத்துக்கிட்டிருக்காரு."

"காத்திருக்கட்டும். அஞ்சாவதுன்னு மட்டும் இங்க சொல்லிடாதீங்க. மூணாவதுன்னு சொல்லித்தான் ஆட்டத்துல சேந்திருக்கா."

"எம்மவளா பொய் சொன்னா?"

அதற்குள் ரசியாவின் முதுகில் ஓர் அடி விழுந்தது. அவுட். உதடு பிதுங்கி, ஓவென்று அழுதுகொண்டு ஓடிவந்தவள், அத்தாவைக் கண்டதும் பாதி அழுகையில் நின்றுவிட்டாள். சர்புன்னிசாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

பின்னாலேயே புஷ்பவள்ளி வந்தாள்.

"மாமா, இவ மெய்யாலுமே மூணாவதா? ரெண்டாவதுன்னா சொல்லுங்க, சப்பாணியா வச்சிக்கிறோம். மூணாவதுன்னா அவுட்டு அவுட்டுதான்."

ஹபிபுல்லா மகளைப் பார்த்தார். கூப்பிட்ட இடத்திலெல்லாம் வந்து நின்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன பிள்ளை. ஒருநாளும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அவள யாரும் இதுவரைக்கும் அவுட்டாக்குனதே இல்ல மச்சான்" என்றாள் சர்புன்னிசா, மெதுவாக.

முன்கூடத்திலிருந்து அண்ணன் அவரைக் கூப்பிட்டார். ஹபிபுல்லா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மூணாவதுதாம்மா" என்றார். "அவுட்டுதான்."

ரசியா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய், அவுட்டானவர்களோடு சுவரோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

சர்புன்னிசா குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் படியில் உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"திங்கக்கெழம ஸ்கூல்லயும் வந்து இதையே சொல்லிடுங்க" என்றாள். "புள்ள சொன்னது பொய்யாப் போயிடக் கூடாது."