குச்சி இல்லாத தட்டுகள்

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். சின்ன வெங்காயத்தைக்கூட நின்று முளைக்க விடமாட்டார்கள்.

விடியுமுன்பே நாற்றுக்கூடத்தில் குனிந்துவிடுவோம். தேங்காய் நார்க்கழிவை அள்ளித் தட்டுக் குழிகளில் அமுக்கி, குழிக்கு ஒரு கறுப்பு விதை. நகக்கண்ணில் ஏறிய நார்த்தூள் சாப்பிடும்போது எரியும். முன்பெல்லாம் விதைக்காயை, விதைக்கென்று எடுத்துவைத்த வெங்காயத்தையே, நேரே மண்ணில் ஊன்றினோம். காய் தன் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு வரும். மண் ஏமாற்றினாலும் பிழைத்துக்கொள்ளும். விதை வெறுங்கையோடு வருகிறது. நாம் போட்டதைத்தான் தின்ன வேண்டும்.

இங்கே ஒரு வழக்கம். அவரவர் வரிசையில் அவரவர் சாயக்குச்சி நட்டிருக்கும். எனக்குச் சிவப்பு. எவன் வரிசை கெட்டதென்று முதலாளிக்குப் பார்த்தவுடன் தெரிய வேண்டுமாம். அதனால் ஒருத்தர் வரிசையை ஒருத்தர் பார்ப்பதில்லை. மனைவி போனபிறகு, முதலாளி கொடுத்த அறையில் நான் ஒற்றையாகக் கிடக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீலக்குச்சிக்காரி. அவள் இருமல் தெரிந்த அளவுக்கு முகம் எனக்குத் தெரியாது.

இந்தத் தடவை வந்த நாரில் உப்பு. ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். முதலாளிக்கும் அது தெரியும். தண்ணீரும் வீண், நாளும் வீண், அப்படியே போடுங்கள் என்றார். போட்டோம். அலசி மிஞ்சியிருந்த பழைய மூட்டை என் வரிசைக்கு வாய்த்தது. மற்றவர்கள் நாற்று நுனி கருகிச் சாய்ந்தது. நீலக்குச்சி வரிசை அடியோடு போயிற்று.

முதலாளி நீலக்குச்சிக்காரியை அறையைக் காலி பண்ணச் சொன்னார். நார்தான் காரணம் என்றாள் அவள். அவர் என் வரிசையைக் காட்டினார்.

"பெரியவர் தட்டு பச்சையாத்தானே நிக்குது? உப்பு உனக்கு மட்டும் தனியா வந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பொழுது சாய, ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிற நெட்டையன் என் கதவைத் தட்டினான். யாரும் தட்டி வெகுகாலமான கதவு. எது யாருடையது என்று தெரியாதபடி, எல்லாருமாகக் குச்சிகளைப் பிடுங்கித் தட்டுகளைக் கலக்கப் போகிறார்களாம்.

"உங்க தட்டும் வேணும் பெரியவரே. அது தனியா நின்னா அதையே காட்டிக்கிட்டு இருப்பாரு."

"நீங்க பாதியில ஓடிட்டா என் அறையும் போயிடுமே?"

"போகும். பொய் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விடியற்காலை போனேன். தட்டடுக்கிய பலகைக்கு நீலக்குச்சிக்காரி ஒரு முனை, நான் ஒரு முனை. ஈரம் கனத்தது.

"முதுகு பத்திரம்ணே," என்றாள். "நீங்க முனகுறது சுவர் வழியா கேக்கும்."

முதலாளி வந்தபோது பச்சையும் கருகலும் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று கத்தினார். எல்லாம் எங்களுடையது என்றான் ஒட்டகம். அவர் என்னிடம் திரும்பினார்.

"பெரியவரே, உங்களுது எது? காட்டிட்டுப் போய் உங்க வேலையப் பாருங்க."

"நாரை அலசிப் போடுவோம். அந்தப் பொண்ணு அறையில இருக்கட்டும். அதுவரைக்கும் எதுவும் என்னுது இல்ல."

எல்லா அறையையும் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் விதையைத் தொடவில்லை. தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை.

"இது மத்தியானம் தாண்டாது," என்றேன். "பசிச்சா ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சிடுவீங்க. நான் போய் உலை வைக்கிறேன்."

"தாண்டாதுன்னா எங்களுக்கு எதுக்குண்ணே உலை?" என்று சிரித்தாள் அவள்.

இருப்பதிலேயே பெரிய பானையை எடுக்க நடந்தேன்.