ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம்

மகாலிங்கம் லேசில் ஒருவரையும் நம்புகிற மனுசன் இல்லை. பஸ் வருகிறது என்று தரிப்பிடத்துப் பலகை எழுதிக் காட்டினாலும், ரோட்டில் தலையை நீட்டி, சிவப்பு நிறம் கண்ணில் பட்டால்தான் அவருக்கு பஸ். ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்புப் போயிற்று. லண்டனுக்கு வந்து பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட் செய்தே தலை நரைத்தது. அவர் படித்த படிப்பு முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற முகங்கள்தான். சிரித்துக்கொண்டு வருகிறவன்தான் காசு கொடுக்காமல் காரை எடுத்துக்கொண்டு ஓடுவான் என்பது அந்தப் படிப்பின் முதல் பாடம்.

இப்போது பென்சன். ரெய்னர்ஸ் லேனில் முதியோர் சங்கத்து வெள்ளை வானை ஓட்டுகிறார். சம்பளம் கிடையாது. புதன்கிழமைகளில் கிழவிகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கி, சோறும் கறியும் சாப்பிட்டு, திரும்ப ஏற்றி வருவார். அந்த வான் இல்லாவிட்டால் அரைவாசிப் பேருக்கு வீட்டு வாசலே எல்லை. அது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அந்த மண்டபத்தால்தான் எல்லாம் தொடங்கியது. அதை விற்கலாமா என்று கவுன்சிலில் பேச்சு வந்தபோது, வட்டாரத்துக் கவுன்சிலர் கிறிஸ்துநாயகம் எழும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்சி கை உயர்த்தச் சொன்னது, உயர்த்தினார். பதினாறு வருசமாகக் கவுன்சிலராக இருக்கிறவர். அவரை எதிர்த்து அதே கட்சிக்குள் இருந்தே ஒரு பெட்டை கிளம்பினாள். பிறேமினி. சங்கத்துக்கு வருகிற தவநாயகியின் மகள். வரப்போகிற தேர்தலில் கட்சி யாரை நிறுத்துவது என்பதைக் கட்சி அட்டை வைத்திருக்கிற வட்டாரத்து ஆட்கள் கூடி வாக்குப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் கிறிஸ்துநாயகத்தோடு மோத வேண்டும். வேலை முடிந்து வந்து, மழை வெயில் பார்க்காமல், பிறேமினி வீடு வீடாக நடந்தாள். வானில் வருகிற ஏழு பெண்களிடமும் கட்சி அட்டை இருந்தது. ஏழு வாக்கும் அவளுக்குத்தான்.

மகாலிங்கத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை. "ஆர் வந்தாலும் விக்கிறவன் விப்பான்" என்றார். அட்டையும் அவரிடம் இல்லை. கட்சி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் பொக்கற்றைத் தடவிப் பார்ப்பார். ஆனால் கிறிஸ்துநாயகத்துக்கு அவர் கடமைப்பட்டிருந்தார். அவருடைய மனுசி செத்தபோது தகனத்துக்கு நாள் கிடைக்காமல் இழுபட்டது. நாலு இடத்துக்குப் போன் அடித்து நாள் எடுத்துக் கொடுத்தவர் கிறிஸ்துநாயகம். பெட்டிக்குத் தோளும் கொடுத்தார். செத்தவீட்டில் தோள் கொடுத்தவனை மறக்கிறவன் மனிசனா?

கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை, மண்டபத்துக் கார் பார்க்கில் கிறிஸ்துநாயகம் வானுக்குக் கிட்ட வந்து நின்றார்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை இவையளை நீங்கள்தானாம் கூட்டிக்கொண்டு வாறியள்?"

"கேட்டவை. ஓம் எண்டிட்டன்."

"நல்லது, நல்லது. வயசுபோன சனம், கவனமாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அஞ்சு மணிக்குக் கதவு பூட்டுப்படும். அதுக்குப் பிறகு ஆர் வந்தாலும் வாக்கில்லை. வெள்ளைக்காரன்ர சட்டம், ஒரு நிமிசம் பொறுக்கமாட்டான்." பிறகு வானின் கண்ணாடியில் தன் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "ஞாயிறு பின்னேரம் உங்கட சைவ ஆக்களுக்கு ஏதோ கூடாத நேரம் ஒண்டிருக்கெல்லோ. எத்தினை மணிக்கு அது?" என்றார்.

"ராகுகாலம். நாலரையில இருந்து ஆறு."

"அப்பிடியோ. நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கு உதுகள் தெரியாது. சும்மா கேட்டனான்."

அவ்வளவுதான். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லோரும் தவநாயகி வீட்டில் கூடி நின்றார்கள். நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன மகாலிங்கம் நாலரைக்கு வந்தார். வழியில் வான் பழுதாகவில்லை, ரோட்டில் நெரிசலும் இல்லை. ஒரு சந்தியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சும்மா இருந்துவிட்டு வந்தார். நல்ல ஆடி வெயில். தவநாயகி கூறைச் சேலை மாதிரி ஒரு சிவப்புப் பட்டு உடுத்தி, திருநீறு பூசி, வாசலில் நின்றாள். கையில் கட்சி அட்டையை வெற்றிலை பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள்.

"என்ன அண்ணை, பிந்திப்போச்சு. வாங்கோ, வெளிக்கிடுவம்."

மகாலிங்கம் வானை விட்டு இறங்கினார். மணிக்கூட்டைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை. நாலரை தாண்டியிட்டுது" என்றார்.

வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படியில் ஒரு கால் வைத்திருந்த கிழவி அந்தக் காலை உள்ளே எடுத்தாள்.

தவநாயகி மட்டும், "இல்லை அண்ணை, கோயில் கலண்டரில ஏழு மணிக்குப் பிறகெல்லோ போட்டிருக்கு" என்றாள். "இஞ்ச கோடையில பகல் நீளம். சூரியன் படுற நேரத்தை வைச்சுக் கணிக்கிறவையாம். ஐயர் சொன்னவர்."

அவள் சொன்னது சரி. மகாலிங்கத்தின் வீட்டுக் குசினியிலும் அதே கலண்டர்தான் தொங்கியது. காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"ராகுவுக்கு லண்டனில ஒரு மணிக்கூடு, யாழ்ப்பாணத்தில ஒரு மணிக்கூடோ, தங்கச்சி?" என்றார். "எங்கட அப்பன், பாட்டன் ஆரும் ஐயரிட்ட கேட்டே நாலரை எண்டவை? எனக்கென்ன, நான் வானை ஸ்டார்ட் பண்ணுறன். உங்கட பிள்ளையின்ர காரியம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

பிள்ளையின் காரியம் என்ற சொல் அவள் முகத்தில் போய் விழுந்ததை அவர் பார்த்தார். தன் காரியம் என்றால் அவள் வானில் ஏறியிருப்பாள்.

"என்ர மச்சான் ராகுகாலத்திலதான் புது வீட்டுத் திறப்பைக் கையில வாங்கினவர்" என்றாள் ஒருத்தி. "ஆறு மாசத்தில வேலையும் போச்சு, மனுசியும் விட்டிட்டுப் போயிட்டாள்."

"அவள் போனது ராகுவாலயே? அந்தாளின்ர வாயாலயெல்லோ" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"கூட்டம் அஞ்சுக்கு எண்டுதானே பிள்ளை சொன்னவள்" என்று தவநாயகி இழுத்தாள்.

"அஞ்செண்டால் ஆறரைக்குத் தொடங்குவினம்" என்றாள் மச்சான் கதை சொன்ன கிழவி. "எந்தக் கூட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கினது? போன கலைவிழாவில விளக்குக் கொளுத்தவே எட்டு மணியாச்சு."

கதவு ஐந்துக்குப் பூட்டுப்படும் என்று மகாலிங்கத்துக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு படியில் இருந்தார். தவநாயகி மகளுக்குப் போன் அடித்துப் பார்த்தாள். அது அணைத்திருந்தது. மேடையில் பேசுகிறவள் போனை அணைக்காமல் என்ன செய்வாள்? பிறகு தவநாயகி எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டாள். மகாலிங்கத்துக்குச் சீனி குறைத்து, தனியாக. அவருக்கு நீரிழிவு என்பது அவளுக்கு ஞாபகம்.

ஆறு அடித்ததும் வலது காலை முன்வைத்து எல்லோரும் ஏறினார்கள்.

கூட்டம் நடந்த இடத்துக்குப் போனபோது சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பொடியன் வாசலில் நின்று மெத்தப் பணிவாகத் தலையை ஆட்டினான். எல்லாம் முடிந்துவிட்டது. பிறேமினி நாலு வாக்கால் தோற்றிருந்தாள்.

அவள் வெளியே வந்து, பட்டுச் சேலையில் நிற்கிற தாயைக் கண்டாள்.

"அம்மா, எங்க நிண்டனீங்கள்?"

"ராகுகாலம் பிள்ளை. முடியட்டும் எண்டு..."

"என்ன காலம்?"

"உனக்கு நல்லது நடக்கவேணும் எண்டுதான்."

பிறேமினி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மகாலிங்கத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். "மூண்டு மாசம் நடந்தனான் அம்மா. எல்லா வீட்டுக்கும் போனனான். என்ர சொந்த அம்மா ராகுவுக்காக வெயிட் பண்ணிக்கொண்டு வீட்டில இருந்திருக்கிறா" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பினார்கள். "உங்களுக்கு இதை ஆர் சொன்னது?"

மகாலிங்கத்தின் கையில் வான் திறப்பு இருந்தது. அதன் பல் உள்ளங்கையில் குத்தியது. இப்போது சொல்லலாம். ஒரு சொல் போதும்.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் தவநாயகி. "நான்தான் சொன்னனான். மற்ற ஆக்களைக் குறை சொல்லாதை."

அவள் மகாலிங்கத்தைப் பார்க்கவில்லை. நாலு மனுசர் நிற்கிற இடத்தில் வயசுபோன ஓர் ஆளை மகள் வாயால் ஏச்சு வாங்க விடக்கூடாது என்று நினைத்திருப்பாள். அது மரியாதை. மகாலிங்கம் குனிந்து வானின் ரயரைப் பார்த்தார். ரயர் நல்லாகத்தான் இருந்தது.

கிறிஸ்துநாயகம் கை குலுக்கிக் குலுக்கி வந்தார். போகிற போக்கில் மகாலிங்கத்தின் காதுக்குக் கிட்டக் குனிந்தார். "என்ன அண்ணை, உங்கட ராகு வேதக்காரனுக்கும் உதவி செய்வான் போல."

மகாலிங்கம் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அவருக்கே தெரியாது. பெற்றோல் ஸ்டேசனில் கள்ளன்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அதைத் தன் வாயில் உணர்ந்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் நின்றது. "தோத்தது தோத்துப்போச்சு. எண்டாலும் அண்ணை சொன்னபடியால நாங்கள் கூடாத நேரத்தில வாசல் தாண்டேல்லை" என்றாள் ஒரு கிழவி. மணி ஏழரை. கோயில் கலண்டர்ப்படி அந்த நேரம்தான் அசல் ராகுகாலம். தவநாயகி வானின் கடைசி இருக்கையில், சேலைத் தலைப்பை மடியில் சுருட்டிக்கொண்டு இருந்தாள்.

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கதைக்கிறதில்லையாம். மகள் சாப்பாட்டை மேலே கொண்டுபோய்ச் சாப்பிடுகிறாளாம். வானில் பெண்கள் இதைக் குசுகுசுத்தார்கள். "உந்தக் காலத்தில பஞ்சாங்கம் பாத்து வாக்குப் போடப்போற தாய் ஆரடி" என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்குப் படியில் வைத்த காலை உள்ளே எடுத்தவள்தான் அவள். மகாலிங்கம் அன்று மண்டபத்தில் சாப்பிடவில்லை. ஊரெல்லாம் கள்ளன் என்று காவல் இருந்தவருக்குக் கள்ளன் வீட்டுக்குள் இருந்தது பிடிபட இவ்வளவு காலம் எடுத்திருந்தது.

சனிக்கிழமை காலை அவர் தவநாயகி வீட்டு மணியை அடித்தார். பிறேமினிதான் கதவைத் திறந்தாள்.

"அம்மா குசினியில நிக்கிறா, அங்கிள்."

"உன்னட்டைத்தான் வந்தனான்."

முன்னறையில் இருத்தினாள். மேசையில் அவளுடைய லேப்டொப் திறந்திருந்தது. மகாலிங்கம் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ராகுகாலம் எண்டு சொன்னது கொம்மா இல்லை. நான். கொம்மா கோயில் கலண்டரைச் சொன்னவ. நான் மறிச்சனான். கதவு அஞ்சுக்குப் பூட்டுவாங்கள் எண்டும் எனக்குத் தெரியும். வேணுமெண்டுதான் பிந்தி வந்தனான்" என்றார்.

பிறேமினி லேப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தாள். குசினியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது.

"கவுன்சிலர் சொல்லிச் செய்தனீங்களோ?"

மகாலிங்கம் வாயைத் திறந்தார். ஓம் என்று சொன்னால் பாரத்தில் பாதி இறங்கிவிடும்.

"சொல்லுங்கோ அங்கிள். அவர் சொன்னவர் எண்டால் நான் இப்பவே கட்சிக்கு எழுதுறன். கூட்டத்தைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேக்கலாம். நீங்கள் எழுதத் தேவையில்லை, நான் எழுதுறன். அவர் உங்களுக்கு என்ன சொன்னவர்? சொன்ன மாதிரியே சொல்லுங்கோ."

அவள் விரல்கள் எழுத்துகளின் மேல் காத்திருந்தன. மகாலிங்கம் அந்தக் கார் பார்க்கைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். வானின் கண்ணாடி, தலைமயிர், தோளில் விழுந்த தட்டு. ஒவ்வொரு சொல்லாகக் கிண்டிப் பார்த்தும் பிடிக்க ஒரு நுனி அகப்படவில்லை.

"கவனமாக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்" என்றார்.

"வேற?"

"கதவு அஞ்சுக்குப் பூட்டும் எண்டவர். ராகுகாலம் எத்தினை மணிக்கு எண்டு கேட்டவர். நான் சொன்னனான்."

"பிந்தி வாங்கோ எண்டு சொன்னவரோ?"

"இல்லை."

"அவையளை மறியுங்கோ எண்டு?"

"இல்லைப் பிள்ளை. அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானாத்தான்."

பிறேமினி விரல்களை எடுத்தாள். "அப்ப எழுத ஒண்டுமில்லை அங்கிள்" என்றாள். கோபம்கூட இல்லை. லேப்டொப்பை மூடிவிட்டு எழும்பினாள். குசினி வாசலில் தவநாயகி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. தாயைக் கடந்து போகாமல் மகள் அங்கேயே நின்றாள். "அம்மா, அண்டைக்கு ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மெல்லக் கேட்டாள்.

தவநாயகி கையில் இருந்த தேத்தண்ணியை மகாலிங்கத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். சீனி குறைவு. தனியாகப் போட்டது. அன்றைக்கு அவள் ஏசியிருந்தால், இன்றைக்கு வாசலில் வைத்தே கதவைச் சாத்தியிருந்தால், அவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

"எனக்கு ஒண்டு தெரியவேணும் அண்ணை" என்றாள் தவநாயகி. குரல் இறங்கியிருந்தது. வேறு வழியில்லாத ஆட்கள் கேட்கிற மாதிரி. "புதன்கிழமை வான் இந்தப் பக்கம் வருமோ?"

"வரும்" என்றார் மகாலிங்கம். கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.