பதினான்கு புள்ளியும் ஒரு ஐந்தாம் நம்பர் பிட்சரும்

மொன்றியலுக்கென்று ஒரு பேஸ்போல் அணி இருந்தது. அது மூட்டை கட்டிக்கொண்டு போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அணி போனால் என்ன, ஆட்டக்காரர் இல்லாத ஊரிலும் நம்மவர்களால் ஒரு சங்கம் நடத்த முடியும். பார்க் எக்ஸ்டென்ஷனிலும் லாசாலிலும் இருக்கிற பத்துப் பேர் சேர்ந்து ‘மொன்றியல் தமிழ்க் கற்பனைப் பேஸ்போல் பேரவை’யை ஆறு வருடமாக நடத்தி வருகிறார்கள். விளையாட்டு எளிது. அமெரிக்காவில் நிஜமாகவே ஆடுகிறவர்களை ஆளுக்கு இருபத்தைந்து பேராகப் பங்கிட்டுக்கொள்வது. அவர்கள் அங்கே ஓடி வியர்க்க, இவர்கள் இங்கே சோபாவில் சாய்ந்தபடி புள்ளி சேர்ப்பது. இதற்குப் பதினெட்டுப் பக்கத்தில் யாப்பு எழுதியவர் தலைவர் யோகேந்திரன்.

யோகேந்திரன் வீடு விற்றுக் கொடுக்கும் முகவர். பேருந்து நிறுத்தம் ஒன்றின் வாங்கில் அவருடைய படம் பெரிதாக ஒட்டியிருக்கிறது. அதன்மேல் ஆட்கள் உட்காருவதை அவர் மக்கள் தொடர்பு என்று எடுத்துக்கொள்கிறார். யாப்பில் அவர் வைத்த விதிகளில் முக்கியமானது இது: ஒவ்வொரு ஒக்டோபரிலும் நடக்கும் ஒன்றுகூடலில் அந்த வருடத்துச் சம்பியன்தான் பொன்னாடை போர்த்திக்கொண்டு தலைமையுரை ஆற்ற வேண்டும். கடந்த மூன்று வருடமும் சம்பியன் அவர்தான். போன வருடம் ‘பேஸ்போலும் தமிழர் வாழ்வியலும்’ என்ற தலைப்பில் ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினார். மட்டன் ரோல்ஸ் ஆறி இறுகி, ஒருவருடைய பல்லுக்கு வேலை வைத்தது.

அந்த ஒன்றுகூடலில் நன்றியுரை அஜந்தாவுக்கு. பேரவையில் ஒரே பெண் அவள். அவளுடைய கணவர் இரவிச்சந்திரன் ஆரம்பித்து மூன்றாம் வாரத்திலேயே அலுத்துக் கைவிட்ட அணியை எடுத்து நடத்துகிறவள். நன்றியுரை என்பது தலைமையுரை முடிந்து, பரிசு முடிந்து, “இனிச் சாப்பாடு” என்று யாரோ சொன்ன பிறகு வருவது. ஆறு வருடமாக அஜந்தா நன்றி சொன்னதெல்லாம் முதுகுகளுக்கு. சனம் கோப்பையோடு வரிசையில் நிற்க, அவள் ஒலிவாங்கியில் மண்டபத்துக் காவலாளிவரை பெயர் சொல்லி நன்றி தெரிவிப்பாள். ஒருமுறையாவது முகங்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மேடையில் ஏறுகிறவர்களுக்கு அது எவ்வளவு அரிய தகுதி என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருடம் இறுதிப் போட்டி அவளுக்கும் யோகேந்திரனுக்கும். வெள்ளி இரவு எல்லாக் கணக்கும் முடிந்தபோது அவர் பதினான்கு புள்ளி முன்னே நின்றார். மீதி இருந்தது சனிக்கிழமை. அன்றைக்குப் பழைய ஆட்கள் கணக்கில் இல்லை; விரும்பினால், ஆளுக்கு ஒரேயொரு பிட்சரை, அதாவது பந்தெறிபவரை, பத்து அணியில் எவரும் தொடாமல் விட்ட மிச்சத்திலிருந்து, எடுத்துக்கொள்ளலாம். முதலில் கேட்டவருக்கே ஆள்.

மிச்சம் என்றால் மிச்சம்தான். ஒவ்வொரு நிஜ அணியிலும் முறைவைத்து எறிய ஐந்து பிட்சர்கள் உண்டு. முதல் இரண்டு பேருடைய பெயரை வீதிக்கு வைப்பார்கள். நாலாவது, ஐந்தாவது ஆட்களுடைய பெயரை அவர்களுடைய பயிற்சியாளரே தாளைப் பார்த்துத்தான் சொல்லுவார். இந்தச் சனிக்கிழமை எறியப்போகிற அப்படிப்பட்ட இருவர்தான் சந்தையில் கிடந்தார்கள். ஒருவர் வெண்டல் ப்ராட்டர், வயது முப்பத்தேழு, இடக்கை, பந்து மணிக்கு எண்பத்தாறு மைலில் அசைந்து அசைந்து போகும். மற்றவர் ரைடர் கல்ஹூன், வயது இருபத்திரண்டு, தொண்ணூற்றொன்பது மைல், கழுத்தில் மூன்று சங்கிலி.

காலை ஒன்பதுக்குச் சந்தை திறந்தது. அப்போது அஜந்தா வேலையில் இருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு லொறிக் கம்பனியில், எந்த லொறி எத்தனை மணிக்குக் கப்பல் பெட்டி ஏற்றப் போக வேண்டும் என்று நேரம் ஒதுக்குவது அவள் வேலை. எதிரே கோப்பிக் கோப்பையோடு மைக்கல் வந்து நின்றான். மட்டக்களப்பான், லொறி ஓட்டுகிறவன், பேரவையில் எட்டாம் இடம்.

“எடுத்தாச்சா அக்கா?”

“இல்லை. என்ன அவசரம்?”

“என்ன அவசரமா? தலைவர் கொத்திக்கொண்டு போயிருவார்!”

அஜந்தா கைத்தொலைபேசியைத் திருப்பிக் காட்டினாள். பேரவையின் வட்சப் குழுவில் எட்டு ஐம்பத்தைந்துக்கு யோகேந்திரன் எழுதியிருந்தார்: ‘அன்பு உறவுகளே, சந்தை முதலில் அமைதியடையட்டும். தரவுகளை ஆழமாக ஆராய்ந்த பின், சரியாகப் பதினொன்றேகாலுக்கு என் தெரிவை அறிவிப்பேன்.’

மைக்கல் இரண்டு தரம் வாசித்தான். பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தான். பார்க் எக்ஸ்டென்ஷன் பலசரக்குக் கடை கொடுத்தது. ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் உண்டு.

“சனிக்கிழமை. ராகுகாலம் ஒன்பதிலயிருந்து பத்தரை.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பத்தரையோட முடியுதுதானே. பதினொன்றேகால் என்னத்துக்கு?”

“அது ஊர்க் கணக்கு. உவர் போனில இன்னொண்டு வைச்சிருக்கிறார். மொன்றியல் சூரிய உதயத்துக்குப் பாத்தால் ஒன்பது நாப்பத்தொண்டிலயிருந்து பதினொண்டு பதின்மூண்டு. எதுக்கும் இருக்கட்டும் எண்டு ரெண்டையும் சேர்த்து விலத்திறவர்.”

“தரவு, தரவு எண்டு கதைக்கிறவரா?”

“ராகுவும் ஒரு தரவுதானே.”

யாப்பில் ‘சனிக்கிழமை காலை ஒன்பது மணி’ என்று எழுதியதும் யோகேந்திரன்தான். மூன்று வருடமும் வெள்ளிக்கிழமையே வென்றுவிட்டதால், அந்த ஒன்பது மணியைக் கலண்டரோடு வைத்துப் பார்க்க அவருக்குத் தேவை வரவில்லை. ஆக, இரண்டேகால் மணித்தியாலத்துக்குக் கடை முழுவதும் அஜந்தாவுக்குத் திறந்திருந்தது. கடைக்காரரும் இல்லை, போட்டிக்காரரும் இல்லை.

“அப்ப ரைடரை எடுங்கோ,” என்றான் மைக்கல். “தொண்ணூற்றொன்பது மைல் அக்கா! போன மாசம் ஒரு நாள் பதினோரு பேரை நிண்ட இடத்திலயே வெளிய அனுப்பினவன்.”

“அடுத்த முறை?”

“அடுத்த முறை...” மைக்கல் கோப்பிக்குள் பார்த்தான். “ஒரு இன்னிங்ஸுக்குள்ள ஆறு ஓட்டம். அது சும்மா, கைவளம் வரேல்லை.”

“அதுக்கடுத்த முறை?”

“அக்கா, நீங்க பொலிசு மாதிரிக் கேக்கப்படாது.”

அஜந்தா சிரித்தாள். பேரவையின் கணக்கு முறை அவளுக்கு மனப்பாடம். ஒருவரை வெளியேற்றினால் ஒரு புள்ளி. அவர் பந்தை அடிக்கவே முடியாமல் வெளியேறினால் மேலும் ஒன்று. விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு கழியும். ரைடர் நல்ல நாளில் இருபத்திரண்டு எடுப்பான். கெட்ட நாளில் பூச்சியத்துக்குக் கீழே கிணறு வெட்டுவான். வெண்டல் எந்த நாளிலும் ஆறு இன்னிங்ஸ் எறிந்து பதினெட்டுப் பேரை வெளியேற்றுவார், அதில் நாலு பேர் அடிக்கவே முடியாதவர்கள், மூன்று ஓட்டம் கொடுப்பார், பதினாறு புள்ளியோடு வீட்டுக்குப் போவார். அவர் எறிவதைப் பார்த்து ஒருவரும் எழுந்து கை தட்டியதில்லை. கொட்டாவி விட்டவர்கள் உண்டு.

“மைக்கல், நான் உனக்கு நேரம் தரேக்க உன்ரை லொறி எவ்வளவு வேகத்தில ஓடும் எண்டு எப்பவாவது கேட்டனானா?”

“இல்லை.”

“வருமோ, வராதோ எண்டுதான் கேப்பன்.”

“அது பெட்டி ஏத்துறது. இது பேஸ்போல்.”

“ரெண்டும் ஒண்டுதான்.” அவள் கதிரையை முன்னுக்கு இழுத்தாள். “இன்னொண்டு கேள். நான் எடுக்கிற ஆளை விடு. நான் விடுற ஆள் ஆருக்குப் போறான்?”

மைக்கல் கோப்பையை மேசையில் வைத்தான்.

“நான் ரைடரை எடுத்தால் வெண்டல் அவருக்கு. பதினாலுக்கு மேல பதினாறு. முப்பது. நான் எங்க போய்ப் பிடிக்கிறது? நான் வெண்டலை எடுத்தால் ரைடர் அவருக்கு. அவன் கவிண்டால் அவற்றை பதினாலும் குறையும்.”

“அவர் எடுக்காமல் விட்டால்? பதினாலு புள்ளியோட பேசாமல் இருந்தாரெண்டால்?”

“யோகேந்திரன் அண்ணையா?” அஜந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “பேசாமலா?”

ஒன்பது இருபதுக்கு அவள் வெண்டல் ப்ராட்டரின் பெயரைத் தொட்டாள். திரையில் ஒரு சின்னப் பச்சை அடையாளம் வந்தது.

“மறுகா என்னில குத்தம் சொல்லப்படாது,” என்றான் மைக்கல்.

பதினொன்று பதினைந்துக்குக் குழுவில் அறிவிப்பு வந்தது. ‘சிலர் அவசரத்தில் பழைய காரை வாங்குவார்கள். நான் எதிர்காலத்தில் முதலீடு செய்கிறேன். ரைடர் கல்ஹூன்!’ கீழே மூன்று ரொக்கெற்றும் ஒரு சிங்கமும். பதிலுக்கு ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். இரவிச்சந்திரனும் உயர்த்தியிருந்தார். அதை அஜந்தா கவனித்து வைத்துக்கொண்டாள்.

வேலை ஒரு மணிக்கு முடிந்தது. மைக்கலின் காரில் இருவரும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு வந்து, பேரின்பநாதனின் கொத்துரொட்டிக் கடைக்குள் நுழைந்தபோது, தொலைக்காட்சிக்கு நேரே நடு மேசையில் யோகேந்திரன் இருந்தார். மடிக்கணினியும் இரண்டு கைத்தொலைபேசியும் முன்னால். சுற்றிலும் பேரவை உறுப்பினர் நாலு பேர். சேட்டுக்கு மேலே கோட்டும் போட்டிருந்தார். வெல்கிற நாளில் படம் எடுப்பார்கள் அல்லவா.

“வாங்கோ தங்கச்சி, வாங்கோ. உங்கட தாத்தா சுகமாய் இருக்கிறாரோ?”

“வெண்டலோ? மெல்ல நடந்து வாறார் அண்ணை.”

“வயசான ஆக்களை மதிக்க வேணும். ஆனால் அணியில எடுக்கப்படாது.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை கையை உயர்த்திப் பிடித்திருந்தார், மேடைப் பழக்கம். “இது விஞ்ஞானம், பிள்ளை. உச்ச வாய்ப்பு எண்டு ஒண்டு இருக்கு. நான் ஒக்டோபரில விளக்கமாய்ச் சொல்லுறன்.”

ஒன்று நாற்பதுக்கு இரண்டு ஆட்டமும் வெவ்வேறு ஊர்களில் தொடங்கின. தொலைக்காட்சியில் ரைடர். முதல் ஆளை மூன்றே பந்தில் அனுப்பினான். பேரின்பநாதன் கொத்து வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். யோகேந்திரன் எழுந்து நின்று கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

அதற்குப் பிறகு ரைடருக்கு வேகம் இருந்தது, விலாசம் இருக்கவில்லை. குறி தவறி எறிந்து, இரண்டு பேரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டான். மூன்றாமவர் மேல் பந்தை எறிந்தான், அவருக்கும் தளம் இலவசம். நாலாமவர் அடித்த பந்து மைதானத்தைத் தாண்டி, வாகனத் தரிப்பிடத்தைத் தேடிப் போனது. தளங்களில் நின்ற மூவரும் அடித்தவருமாக, ஒரே அடியில் நாலு ஓட்டம்.

“சூடு பிடிக்கிறான்,” என்றார் யோகேந்திரன்.

“ஓம், தெரியுது,” என்றான் மைக்கல்.

இன்னொருவரை எப்படியோ வெளியேற்றினான். பிறகு இன்னொரு பந்து தரிப்பிடத்துப் பக்கம் போக, ஐந்தாவது ஓட்டம் வந்தது. பயிற்சியாளர் மெதுவாக நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். வெளியேற்றியவர்கள் இருவர், அதில் அடிக்கவே முடியாமல் போனவர் ஒருவர், ஓட்டம் ஐந்து. மூன்று வந்தது, பத்துப் போனது. மடிக்கணினியில் சிவப்பாக ‘−7’ என்று விழுந்தது. பதினான்கு புள்ளி முன்னிலை ஏழாகச் சுருங்கியது.

யோகேந்திரன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டினார். “பிரச்சினையில்லை. உங்கட ஆளும் எறிய வேணுமே.”

அது உண்மைதான். வெண்டலுக்கும் அன்று நல்ல நாளாக இல்லை. பேரின்பநாதன் சனலை மாற்றியபோது அவர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே மூன்று ஓட்டம் கொடுத்து, தொப்பியைச் சரிசெய்தபடி நின்றார். அஜந்தா தேத்தண்ணீர் கேட்டாள். பிந்தி வருகிற லொறிகளை அவள் பார்த்திருக்கிறாள். வந்து சேருகிற லொறி பிந்தினாலும் வந்து சேரும்.

மூன்றாவது இன்னிங்ஸ், ஓட்டமில்லை. நாலாவது, இல்லை. ஐந்தாவதில் ஒன்று. எவரும் பெரிதாக ஏமாறவில்லை, எவரும் பெரிதாக அடிக்கவுமில்லை. எல்லோரும் பந்தை நிலத்தில் உருட்டிவிட்டு வெளியே போனார்கள். கடையில் ஒருவர் கண்ணயர்ந்துவிட்டார். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவரை அனுப்பிய பிறகு வெண்டலையும் மாற்றினார்கள். வெளியேற்றியவர்கள் பதினாறு, மேலதிகம் மூன்று, ஓட்டம் நாலு.

“பத்தொன்பதில எட்டுப் போனால் பதினொண்டு,” என்றான் மைக்கல். “ஏழுக்குப் பதினொண்டு. அக்கா!”

யோகேந்திரன் எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எரிச்சலைக் கொடுத்தது பதினொன்று இல்லை. தன்னுடைய பழைய பதினான்கு. அது அங்கேயே, தொடாமல், மூன்று புள்ளி அதிகமாக இருந்திருக்கும். காலையில் எழுந்து, குளித்து, ஒருவருக்கும் ஒன்றும் அறிவிக்காமல் படுத்திருந்தால் அவர் சம்பியன்.

நித்திரையிலிருந்தவர் மைக்கலின் கூச்சலில் விழித்து, யார் வென்றது என்று தெரியாமலே கை தட்டினார்.

யோகேந்திரன் தொண்டையைச் செருமினார்.

“வாழ்த்துகள் தங்கச்சி. அப்ப... தலைமையுரை நீங்கள்தான்.” சற்று யோசித்தார். “நான் கன நாளாய் யோசிச்சுக்கொண்டிருந்தது ஒண்டு. சனத்துக்குப் பொறுமை குறைஞ்சுபோச்சு. சாப்பாடும் ஆறிப்போகுது. தலைமையுரைக்கு ஒரு நேரக் கட்டுப்பாடு வேணும் எண்டு யாப்பில ஒரு திருத்தம் கொண்டு வரலாமோ? ஒரு பத்து நிமிசம்?”

மைக்கல் இருமினான். தேத்தண்ணீர் மூக்கால் வந்தது.

அஜந்தா நிமிர்ந்து, மேசையைச் சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

“பத்து என்னத்துக்கு அண்ணை? நாலு காணும். இப்பவே எழுதுங்கோ. ஆர் சம்பியன் எண்டாலும், எந்த வருசம் எண்டாலும், நாலு நிமிசம்.”

“எந்த வருசமுமோ?” என்றார் யோகேந்திரன். அவருடைய குரலில் அன்றைக்கு முதன்முறையாக உண்மையான கவலை தெரிந்தது.

“ஓம். ஆமோதிக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

நாலு கை உயர்ந்தது, மைக்கலுடையது இரண்டு. பேரவையில் உறுப்பினரே இல்லாத பேரின்பநாதனும் கொத்துக் கரண்டியை மேலே தூக்கிப் பிடித்தார்.